திருத்தந்தைக்கு அஞ்சலி செலுத்த ரோம் போகிறவர்களுக்கு: வரிசை முதல் கல்லறை வரை ஒரு முழு வழிகாட்டி

2025 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்தரை மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்தார். "பாப்பரசர் போய்விட்டார். ரயில் எத்தனை மணிக்கு?" நாங்கள் இருப்பது சூரிச்சில். அம்மா மன்னார்க்காரி. 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மடு மாதா கோயிலுக்கு வந்தபோது வெயிலில் ஒரு பகல் முழுக்க நின்று அவரைப் பார்த்தவர். அவரைத் தடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே போனோம். போன இடத்தில் சரியாகச் செய்தவை கொஞ்சம், தவறிப்போனவை நிறைய. இரண்டையும் வைத்து எழுதியதே இந்த வழிகாட்டி.

இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ நூறாண்டு இருக்கட்டும். ஆனால் செய்தி வந்த பிறகு யோசிக்க நேரம் இருப்பதில்லை. அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, நாட்களை எண்ணுவது

திருத்தந்தையின் இறுதிச் சடங்குகளுக்கு எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. இரண்டாம் ஜான் பால் 1996இல் வெளியிட்ட அந்த ஆவணத்தின்படி, தனிக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், இறந்த நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் அடக்கம் நடக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்தே உங்கள் பயணத்தைத் திட்டமிடலாம்.

இரண்டாம் ஜான் பால் 2005 ஏப்ரல் 2 இரவு இறந்தார். 4ஆம் தேதி மாலை உடல் வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்கு வந்தது, 8ஆம் தேதி அடக்கம். பதினாறாம் பெனடிக்ட் 2022 டிசம்பர் 31 அன்று இறந்தார், ஜனவரி 2 முதல் 4 வரை மக்கள் அஞ்சலி, 5இல் அடக்கம். பிரான்சிஸ் ஏப்ரல் 21 காலை 7.35க்கு இறந்தார். 23 புதன் முதல் 25 வெள்ளி வரை அஞ்சலி, 26 சனிக்கிழமை அடக்கம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்தி வந்து இரண்டு நாளில் கதவு திறக்கிறது, ஏறக்குறைய மூன்று நாள் திறந்திருக்கிறது, அடக்கத்துக்கு முன்னரே மூடிவிடுகிறது.

மூடும் நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2025இல் வெள்ளி மாலை 7 மணிக்கு மூடினார்கள். 2005இல் நிலைமை இன்னும் கடுமை. அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பே, புதன் இரவு 10 மணிக்கு, வரிசையின் வாலை அடைத்துவிட்டார்கள். இனி யாரும் சேர முடியாது என்று இத்தாலியக் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி போனது. ஆகவே கடைசி நாளை நம்பிப் புறப்படாதீர்கள்.

எதற்காகப் போகிறீர்கள்?

இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ரோமில் போய் இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான் வரும். நாங்கள் ரயில் நிலைய வாசலில் பெட்டிகளோடு நின்றுகொண்டு போட்டோம்.

நம்மவர்களுக்கு இழவு வீடு என்றால் முகம் பார்ப்பதுதான் முக்கியம். "கடைசியாக ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்." அதற்குப் புனித பேதுரு பேராலயத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாவது வழி, பேராலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் நடக்கும் இறுதித் திருப்பலி (பூசை). மூன்றாவது, அடக்கம் வத்திக்கானுக்கு வெளியே என்றால், சவப்பெட்டி போகும் தெருவோரத்தில் நிற்பது. நான்காவது, எல்லாம் முடிந்த பிறகு கல்லறைக்குப் போவது. ஒரே பயணத்தில் நான்கையும் செய்ய நினைத்தால் ஒன்றும் உருப்படியாக நடக்காது. உடல் வலு உள்ளவர்கள் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். எழுபது தாண்டியவர்களுக்கும் சர்க்கரை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் என் யோசனை, தெருவோரமும் கல்லறையும். அம்மா கேட்கவில்லை. முகம்தான் வேண்டும் என்றார்.

தாள்கள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக ஷெங்கன் விசா (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எடுத்துக்கொண்டு ஐந்து நாளுக்குள் போய்ச் சேருவது நடைமுறையில் ஆகாத காரியம். விண்ணப்பத்துக்கே வழக்கமாக 15 நாள் வரை எடுத்துக்கொள்கிறார்கள். கையில் ஏற்கெனவே செல்லுபடியாகும் விசா இருந்தால் மட்டும் யோசியுங்கள். மற்றவர்கள் ஊர்க் கோயிலில் திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டு, ஓரிரு மாதம் கழித்துக் கல்லறைக்கு நிதானமாகப் போகலாம்.

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதி உள்ளவர்கள் அந்த அட்டையையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டால் போதும். பிரித்தானிய, கனேடிய, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டியதில்லை. தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் தற்காலிக அனுமதியில் இருப்பவர்களும் எல்லை தாண்டும் முன் உங்கள் சட்டத்தரணியை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அஞ்சலிக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொண்டால் யாராலும் உதவ முடியாது.

போவதும் தங்குவதும்

விமானக் கட்டணம் செய்தி வந்த சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கிவிடும். ஐரோப்பாவுக்குள் இருந்தால் ரயிலைப் பாருங்கள். சூரிச்சிலிருந்து மிலான் மூன்றேகால் மணி நேரம், அங்கிருந்து ரோம் இன்னும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ரோமின் முதன்மை ரயில் நிலையமான தெர்மினி வரை நேரடி விரைவு ரயில் உண்டு, அரை மணி நேரப் பயணம்.

தங்குமிடம்தான் தலைவலி. 2025 யூபிலி ஆண்டு, அதாவது கத்தோலிக்கர்கள் திரளாக ரோமுக்கு யாத்திரை வரும் புனித ஆண்டு என்பதால் நகரம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. போதாக்குறைக்கு ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள், நீண்ட வார விடுமுறை. நான் பதிவு செய்த அறை ஒரே இரவில் ரத்தானது. மறுநாள் அதே அறை இரண்டு மடங்கு விலையில் இணையத்தில் கிடந்தது. ஒரே இடத்தை மட்டும் நம்பாதீர்கள். அருட்சகோதரிகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் ரோமில் நிறைய உண்டு. சுத்தம், மலிவு. ஆனால் பல இல்லங்களில் இரவு குறித்த நேரத்துக்குப் பிறகு வாசலைப் பூட்டிவிடுவார்கள், நள்ளிரவு வரிசைக்கு அது ஒத்துவராது. ஊருக்கு வெளியே தங்குவதும் நல்லதே. கடலோர ஊரான சிவித்தாவெக்கியாவிலிருந்து வரும் ரயில் ரோமா சான் பியேத்ரோ நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து சதுக்கம் நடக்கும் தூரம்.

தெர்மினியிலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவின் ஏ தடத்தில் ஏறி ஒத்தாவியானோ நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். 64ஆம் எண் பஸ்ஸும் அந்தப் பக்கம் போகிறது, ஆனால் ஜேப்படிக்குப் பேர்போன பஸ் அது. தாலிக்கொடியையும் காப்பையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். இதைச் சொன்னபோது அம்மா என்னை முறைத்தார். பிறகு கொடியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து ஊசி குத்திக்கொண்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

சிறிய பை ஒன்று போதும். சதுக்கத்தைச் சுற்றியுள்ள தூண்வரிசை அருகே விமான நிலையத்தில் செய்வது போன்ற சோதனை நடக்கிறது. கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் போத்தல் எதுவும் உள்ளே போகாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சல்வார், வேட்டி எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஏப்ரல் ரோமில் பகல் வெயில் சுடும், நள்ளிரவில் குளிர் எலும்பைத் தொடும். ஆகவே ஒரு கம்பளிச் சால்வை கட்டாயம். சதுக்கத்தின் காற்றும் லேசானதல்ல. 2005இல் இரண்டாம் ஜான் பாலின் பெட்டிமேல் வைத்திருந்த நற்செய்தி நூலின் பக்கங்களைப் புரட்டி மூடியே வைத்த காற்று அது.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோம் தெருக்களில் இரும்புக் குழாய்கள் இரவும் பகலும் குடிநீரை ஊற்றிக்கொண்டே நிற்கின்றன. வளைந்த மூக்கு போலிருப்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'நசோனி', பெரிய மூக்கு. பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள். மருந்துகளை மூன்று நாளைக்குப் பிரித்துப் பையிலேயே வையுங்கள், விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள். கைபேசிக்கு மின்சேமிப்புப் பெட்டி வேண்டும். மடக்கு நாற்காலி வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

சாப்பாடு உலர்ந்ததாக இருக்கட்டும். அம்மா பாணும் மாசிச் சம்பலும் கட்டி எடுத்து வந்தார். சம்பல் டப்பாவைத் திறந்ததும் முன்னால் நின்ற போலந்துக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் நெளிந்தேன். அம்மா ஒரு துண்டுப் பாணில் சம்பலை வைத்து அவரிடமே நீட்டினார். அவர் தின்று, கண் கலங்கி, எங்களுக்கு இரண்டு ஆப்பிள் கொடுத்தார்.

மாலை வாங்க வேண்டாம். பெட்டி அருகே வைக்க இடமில்லை, சோதனையிலேயே கீழே போடச் சொல்லக்கூடும். ஊதுவத்தியும் அப்படியே.

வரிசை

2005இல் சராசரியாக 13 மணி நேரம், சிலருக்கு 24 மணி நேரம் வரை காத்திருப்பு. வரிசை 5 கிலோமீட்டர் வரை நீண்டது. 2025இல் மூன்று நாளில் இரண்டரை லட்சம் பேர் கடந்தார்கள். எங்களுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. எந்த அளவு கூட்டம் வரும் என்பதை முதல் நாள் மாலைச் செய்தியைப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

நேரத்தைப் பற்றி என் கணிப்பு இது. முதல் நாள் பகலைத் தவிருங்கள். நள்ளிரவுக்குப் பிந்திய நேரம் நல்லது, ஆனால் கதவு திறந்திருக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் 23 புதன்கிழமை நள்ளிரவோடு மூடுவதாக அறிவித்திருந்தார்கள். கூட்டம் குறையாததால் அதிகாலை ஐந்தரை வரை திறந்து வைத்து, சுத்தம் செய்துவிட்டு, ஏழு மணிக்கு மீண்டும் திறந்தார்கள். நாங்கள் இரவு ஒன்பதுக்கு வரிசையில் சேர்ந்து இரண்டு மணிக்கு உள்ளே போனோம்.

வரிசையின் வால் எங்கே என்று தேடுவதே ஒரு வேலை. சந்த் ஆஞ்சலோ கோட்டைப் பக்கத்திலிருந்து கொன்சிலியாசியோனே சாலை வழியாக வாருங்கள். இத்தாலியர்கள் வரிசையில் சேரும்போது "கி எ லுல்திமோ?" என்று கேட்பார்கள். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். நீங்களும் கேளுங்கள், யாராவது கையைத் தூக்குவார். சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் வரிசையில் நிற்பதற்கு முன் தன்னார்வலர்களிடம் தனி வழி கேளுங்கள். கூச்சப்பட்டால் இழப்பு உங்களுக்குத்தான். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112.

கழிவறையைக் கண்ட இடத்தில் போய்விடுங்கள், தேவை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடமாடும் கழிவறைகள் வழியில் இருக்கும். ஒருவர் போகும்போது மற்றவர் இடத்தில் நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் திரும்பி வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கொடி, மின்கம்பம், கடைப் பெயர் என்று நகராத ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நான் "சிவப்புக் குடைக்காரருக்குப் பின்னால்" என்று அடையாளம் சொல்லி அம்மாவை அனுப்பினேன். குடை நாற்பது அடி நகர்ந்துவிட்டது, அம்மாவைக் காணவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு கன்னியாஸ்திரி கையைப் பிடித்து அழைத்து வந்தார். அம்மாவின் கைபேசி என் பையில் இருந்தது.

வரிசையில் செபமாலை சொல்வார்கள். எங்களுக்குப் பின்னால் ஓர் இத்தாலியக் கூட்டம் தொடங்கியது. முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை எல்லோரும். அம்மா மறுபாதியைத் தமிழில் சொன்னார். அவர்கள் "அமென்" சொல்லும் இடமும் இவர் "ஆமென்" சொல்லும் இடமும் செபமாலையில் ஒன்றிரண்டு மணி உருண்ட பிறகு சரியாகப் பொருந்திவிட்டன. கத்தோலிக்கர் அல்லாதவர்கள் பேசாமல் நின்றால் போதும். வேளாங்கண்ணிக்கும் மடுவுக்கும் போகும் இந்துக்கள் எப்படி நிற்பார்களோ அப்படியே இங்கும் நிற்கலாம், யாரும் மதம் கேட்பதில்லை.

நெரிசல் கூடும் இடங்கள் சோதனை வாயிலும் பேராலயப் படிகளும். அங்கே தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்காதீர்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள், கைபேசியாக இருந்தாலும் சரி. இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். வெளியேற வேண்டுமானால் கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கோடு நகர்ந்துகொண்டே குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றுவதைவிட உடலோடு அணைத்துப் பிடிப்பது நல்லது.

பெட்டிக்கு முன்னால்

உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். 2005இல் நிமிடத்துக்கு 350 பேர் கடந்தார்கள் என்பது கணக்கு. ஆகவே உள்ளே நுழையும் முன்பே கைபேசியைப் பைக்குள் போடுங்கள். படம் எடுக்காதீர்கள் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் எடுக்காதீர்கள். என் முன்னால் போனவர் திரையைப் பார்த்தபடியே போனார், பெட்டியைத் தாண்டிய பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

முழங்காலிட நேரமில்லை. நடந்தபடியே சிலுவை அடையாளம் போடலாம், கைகூப்பலாம். நம்மூர் போல வாய்விட்டு அழுது அரற்றினால் காவலர்கள் அதட்டமாட்டார்கள், ஆனால் மெல்ல நகர்த்திவிடுவார்கள். சொல்ல வேண்டிய செபத்தை முன்கூட்டியே நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் திருத்தந்தையின் உடலை உயர்ந்த மேடையில் கிடத்துவார்கள். பிறகு சைப்பிரஸ், ஈயம், ஓக் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். பிரான்சிஸ் 2024இல் சடங்கு முறையைத் திருத்தி இரண்டையும் நீக்கினார். உள்ளே துத்தநாகத் தகடு பதித்த ஒரே மரப்பெட்டி, தரையை ஒட்டிய தாழ்வான சாய்தளம். பக்கத்தில் சுவிஸ் காவலர்கள். திருத்தந்தையின் உடலில் சிவப்பு உடை, தலையில் வெள்ளை மகுடம், விரல்களில் சுற்றிய செபமாலை. வெளியே வந்ததும் அம்மா சொன்னது ஒன்றே: "தாழத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பாயில் கிடத்துகிற மாதிரி."

திருப்பலியும் தெருவோரமும்

இறுதித் திருப்பலிக்குச் சதுக்கத்தில் பொதுமக்கள் நிற்க டிக்கெட் கிடையாது, கட்டணமும் கிடையாது. யாராவது விற்றால் அது மோசடி. இடம் வேண்டுமானால் முதல் நாள் இரவே தெருவில் படுத்து, விடியும் முன் வாயிலில் நிற்க வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும், நடுவில் வெளியே வருவது கடினம். திருப்பலி இலத்தீனில். விசுவாசிகள் மன்றாட்டுக்குப் பல மொழிகள் வரும். 2025இல் சீன மொழியும் இருந்தது, தமிழ் இல்லை. சடங்கு நூலை வத்திக்கான் முன்னதாகவே இணையத்தில் போடுகிறது, தரவிறக்கி வைத்துக்கொண்டால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியும். நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும்.

நாங்கள் சதுக்கத்துக்குப் போகவில்லை. பிரான்சிஸ் தம் கல்லறையைப் பேதுரு பேராலயத்தில் கேட்காமல், நகரின் மறுபக்கத்தில் உள்ள மேரி மேஜர் பேராலயத்தில் கேட்டிருந்தார். பெட்டி ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போக வேண்டும். கொலோசியத்தைத் தாண்டி லாபிக்கானா சாலை, பிறகு மெருலானா சாலை. நாங்கள் மெருலானாவில் ஒரு மரநிழலில் ஒன்பது மணிக்கே இடம் பிடித்தோம். பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் அம்மாவுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். ஊர்வலம் வந்தபோது ஒரு கணம் முழு அமைதி. வெள்ளை வாகனம், அதன்மேல் திறந்த வெளியில் வெறும் மரப்பெட்டி. அடுத்த நொடி தெருவே கைதட்டியது. அம்மா திடுக்கிட்டு, "செத்தவீட்டில் கைதட்டுகிறார்களே" என்றார். பெட்டி போகும்போது கைதட்டுவது இத்தாலியர்களின் மரியாதை. நீங்கள் போகும்போது இதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மனம் புண்படாது. கூப்பிய கையோடு நின்ற அம்மா, வாகனம் வளைவில் மறையும் நேரத்தில் தானும் மெல்லத் தட்டத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

பேதுரு பேராலயத்திலேயே அடக்கம் என்றால் இந்தத் தெருவோர வழி இல்லை. 2005இல் அப்படித்தான். அப்போது நகரில் பல இடங்களில் பெரிய திரைகள் வைத்தார்கள்.

பிறகு வருகிறவர்களுக்கு

அடக்கத் திருப்பலி தொடங்கி ஒன்பது நாள் பேதுரு பேராலயத்தில் தினமும் திருப்பலி நடக்கும். வாரநாட்களில் கூட்டம் குறைவு. பிரான்சிஸின் கல்லறை ஏப்ரல் 27 முதல் மக்களுக்குத் திறந்தது. அது இருக்கும் மேரி மேஜர், தெர்மினியிலிருந்து பத்து நிமிட நடை. இடப்பக்கச் சிறகில், ரோம் மக்கள் கொண்டாடும் மாதா படம் இருக்கும் பவுலின் சிற்றாலயத்துக்கு அருகே ஒரு சுவர்மாடம். இத்தாலியின் லிகூரியாப் பகுதிக் கல், மேலே அவருடைய மார்புச் சிலுவையின் வடிவம், கல்லில் 'பிரான்சிஸ்குஸ்' என்ற ஒரே சொல். இரண்டாம் ஜான் பாலின் கல்லறை பேதுரு பேராலயத்துக்குள் புனித செபஸ்தியார் சிற்றாலயத்தில் இருக்கிறது, பெனடிக்டின் கல்லறை அதே பேராலயத்தின் நிலவறையில்.

மேரி மேஜர் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. சுற்றுலாக் குழுக்கள் வரத் தொடங்கும் முன் போய்விடுங்கள். சால்வையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், பையைத் திறந்து காட்டத் தயாராக வைத்திருங்கள். காவலர் கையசைத்தால் நகருங்கள். மறுபடியும் பார்க்க வேண்டுமென்றால் வெளியே வந்து வரிசையின் வாலில் சேர்ந்துகொள்ளலாம், அம்மா மூன்று முறை சேர்ந்தார்.